மிச்சம் அரை முழம்

ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஜெசிந்தாவுக்குத் தன் முழங்கால்கள்தான் முதலில் தொல்லை கொடுத்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. நாற்பத்தெட்டு வயதுக் கால்களை எப்படி மடக்கினாலும் ஒன்று இடித்தது, இல்லையென்றால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மணி பதினொன்றரை. மேலச்செவ்வரளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடு, கணக்கு. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சுவரில் ஏறின ஈரத்தின் வாசனையோடு சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்கிற வாசனையும் கலந்து வந்தது. அவளுக்கு அது பிடித்த வாசனை. பதினெட்டு வருடம் இதே போல ஒரு பள்ளியில் இந்த வாசனைக்குள் நின்றுதான் அவளும் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஒன்றியத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஆனாள். பள்ளி பள்ளியாகப் போய், ஆசிரியர்கள் பாடம் நடத்துவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, படிவம் நிரப்பி, மாதம் இரண்டு சனிக்கிழமை கணக்கு ஆசிரியர்கள் நாற்பது பேரையும் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுப்பது அந்த வேலை. மடியில் இப்போதும் படிவம் இருந்தது. இருபத்திரண்டு கட்டம். துணைக்கருவி பயன்படுத்தப்பட்டதா, ஆம், இல்லை. மாணவர் பங்கேற்பு, மிக நன்று, நன்று, பரவாயில்லை. நேற்று சாயங்காலம் மாவட்ட அதிகாரி போனில் சொன்னது கட்டங்களுக்கு மேலே மிதந்தது. "எட்டு சனிக்கிழமை ஆச்சு மேடம். பலன் என்னன்னு மேல கேக்காங்க. நாளைக்கு மத்தியானம் நானே கூப்பிடுதேன், ஒரு வரியில சொல்லிருங்க. சொல்லிக்கிற மாதிரி இல்லன்னா ஜனவரியிலருந்து வீடியோ பயிற்சிதான், அவங்கவங்க வீட்டுல இருந்து பாத்துக்கிடட்டும்." அவர் கடுமையாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார், அதனாலேயே அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. பலன். அந்தச் சொல்லில் அவள் ராத்திரியிலிருந்தே சிக்கிக்கொண்டிருந்தாள். வார ராசிபலனில் வருகிற பலன். மருந்து சாப்பிட்டுப் பலன் இல்லை என்கிற பலன். எட்டு சனிக்கிழமைக்கு என்ன பலன், அதை ஒரு வரியில் எப்படிச் சொல்வது, ஒரு வரிக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, அல்லது எட்டு சனிக்கிழமையும் டீயும் சுண்டலுமாகப் போய்விட்டனவா.

ஆவுடையப்பன் சார் உள்ளே வந்தார். கையில் சாக்பீஸ் டப்பா இல்லை, ஒரு சணல் கயிற்றுச் சுருள் இருந்தது. பிள்ளைகள் எழுந்து நீட்டி முழக்கி வணக்கம் சொன்னார்கள். அவர் பின்பெஞ்சைப் பார்த்து, "வந்திட்டியளா டீச்சர், இருங்க, இருங்க" என்றார். அதற்குமேல் கண்டுகொள்ளவில்லை. ஐம்பத்தேழு வயது, முப்பத்தோரு வருட சர்வீஸ், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. இந்த மனுஷரை முதலில் பார்த்த நாளை நினைத்தால் ஜெசிந்தாவுக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகும். ஜூன் மாதம், முதல் சனிக்கிழமை. அவள் மேலே மாநிலத்தில் பயிற்சி வாங்கினவர்களிடம் பயிற்சி வாங்கினவர்களிடம் பயிற்சி வாங்கிவிட்டு வந்திருந்தாள்; ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி வெளிறுமோ அப்படித்தான் அவள் கையில் வந்து சேர்ந்திருந்தது. பின்னம் பற்றித் திரையில் பத்தாவது படம் ஓடும்போது நடுவரிசையிலிருந்து இவர் எழுந்தார். "டீச்சர், ஒரு சந்தேகம். பின்னத்தால வகுக்கணும்னா தலைகீழாத் திருப்பிப் பெருக்கச் சொல்லுதோம். ஏன் திருப்புதோம்?" கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மடக்குவதற்காகக் கேட்ட கேள்வி, அது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். விதி வந்தது, விதியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பி.எஸ்சி. கணிதத்தில் எண்பத்தாறு சதவீதம், பி.எட்., பதினெட்டு வருடம், எத்தனை நூறு பிள்ளைகளைத் திருப்ப வைத்திருக்கிறாள், திருப்பிப் பெருக்கு, திருப்பிப் பெருக்கு, ஏன் என்று அவளை அவளே கேட்டதில்லை. அப்போது அவள் சொன்னாள்: "எனக்குத் தெரியாது சார்." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவள் போல நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு டீச்சர், "எனக்கும் தெரியாது" என்றாள். இன்னொருவர், "எனக்கும்தான்." ஆவுடையப்பன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உண்மையச் சொன்னா எனக்கும் தெரியாதும்மா" என்று உட்கார்ந்தார். அன்றைக்குப் பழைய பேப்பரைக் கிழித்து நாடா நாடாவாக வெட்டி, நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்து மடக்கிப் பார்த்து, சாயங்காலம் நாலரைக்குத்தான் கலைந்தார்கள். வழக்கமாக மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள். அதைப் பலன் என்று சொல்லலாமா. நாலரை மணிவரை இருந்தார்கள் என்று ஒரு அதிகாரியிடம் எப்படிச் சொல்வது.

சார் கயிற்றை அவிழ்த்தார். அதில் சம தூரத்தில் முடிச்சுகள் இருந்தன. "ஏட்டி இசக்கிப்ரியா, ஒங்கம்மா பூ விக்காள்லா, ஒரு முழம்னா எவ்வளவுன்னு அளந்து காட்டு." முன்வரிசையில் இருந்து ஒரு ஒல்லியான பெண் எழுந்து வந்து, பழகின கையாக, நடுவிரல் நுனியிலிருந்து முழங்கைவரை கயிற்றை இழுத்துக் காட்டினாள். "ஒங்கையில அளந்தா ஏமாந்துதான் போவோம்" என்று சார் சொல்ல வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். சார் தன் கையால் அளந்து கால் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தார், ஒரு முழத்துக்கு நாலு கால். மூன்று முழத்தை அரை முழத் துண்டாக வெட்டினால் எத்தனை துண்டு. ஆறு, ஆறு சார், ஆறு. "வகுத்தா குறையும்னு சொன்னிய, மூணு எப்படி ஆறாச்சு?" ஜெசிந்தா முன்னால் சாய்ந்தாள். மூணு எப்படி ஆறாச்சு. அவளும் இதையேதான் கேட்டாள், ஏழாம் வகுப்பில், கான்வென்ட் பள்ளியின் பச்சைக் கரும்பலகைக்கு முன்னால்: வகுத்தா ஏன் சிஸ்டர் கூடுது. சிஸ்டர் அன்பானவர்தான், கோபிக்கக்கூட இல்லை, தோளில் தட்டி, "அதெல்லாம் யோசிக்காத, நீ நல்லாப் போடுற பொண்ணு, போடு" என்றார். அவள் போட்டாள். நூற்றுக்கு நூறு வாங்கினாள். அந்தத் தட்டல் தோளில் எவ்வளவு இதமாக இருந்தது என்பது இன்னும் நினைவிருந்தது, அதுதான் கஷ்டம், அடித்திருந்தால் வெறுத்திருக்கலாம். அன்றைக்கு மூடின கேள்வி முப்பத்தாறு வருடம் மூடியே கிடந்து, ஜூன் மாதம் நாற்பது பேர் முன்னால் திறந்துகொண்டது. இடையில் எத்தனை பிள்ளைகளின் தோளைத் தானும் அப்படித் தட்டியிருப்போம் என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது. ரிஸ்வானா என்று ஒரு பெண் கை தூக்கியிருந்தாள். "சார், துண்டு சின்னதாச்சுன்னா எண்ணிக்கை கூடத்தானே செய்யும். பூ கூடல. துண்டுதான் கூடுது." சார் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. "இவ சொன்னத வேற யாராச்சும் ஒங்க வார்த்தையில சொல்லுங்க" என்றார். ஜெசிந்தா பேனாவை எடுத்தாள், எந்தக் கட்டம் என்று தேடினாள், வைத்துவிட்டாள்.

பிறகு அவர் போர்டில் எழுதினார்: இரண்டு முழம், முக்கால் முழத் துண்டு. "மொதல்ல விதிப்படி போடுங்க. பெறகு கயித்துல பாப்போம்." குனிந்த தலைகள், பென்சில் சத்தம். எட்டின் கீழ் மூன்று, அதாவது இரண்டும் மூன்றில் இரண்டு பங்கும். எல்லோருக்கும் வந்துவிட்டது. இசக்கிப்ரியா கயிற்றைப் பிடித்து வெட்டினாள். மூன்று கால், ஒரு துண்டு. மூன்று கால், இரண்டாவது துண்டு. கையில் மிச்சம் இரண்டு கால். அவள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். "சார், தப்பா இருக்கு." "என்னட்டி தப்பு?" "ரெண்டு துண்டு வந்துச்சு. மிச்சம் அரை முழம் இருக்கு. அப்ப ரெண்டரைதான சார் வரணும்? ரெண்டு, மூணுல ரெண்டுன்னு வருது." வகுப்பு கசகசவென்று ஆனது. ஒருவன், "நீ தப்பா வெட்டிட்ட" என்றான். "நான் ஒண்ணும் தப்பா வெட்டல, வந்து அளந்துக்கோ" என்றாள் இசக்கிப்ரியா. அளந்தார்கள். அரை முழம்தான். ஜெசிந்தா பின்னாலிருந்தே முடிச்சுகளை எண்ணிப் பார்த்தாள். அரை முழம்தான். விதியும் சரிதான். அப்படியானால் தப்பு எங்கே. எட்டு சனிக்கிழமையில் மிச்சம் வருகிற கணக்கு ஒன்றைக்கூட அவர்கள் எடுக்கவில்லை, எல்லாம் முழுசாக வெட்டுப்படுகிற கணக்குகள், அவள்தான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள், சிக்கல் வராதவையாக. இப்போது அந்தப் பொறுக்கல் ஒரு சின்னப் பெண்ணின் கையில் கயிறாகத் தொங்கியது. சார் போர்டைப் பார்த்து நின்றார். அவருக்குத் தெரியவில்லை. பின்கழுத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. வலது கை மேசைமேல் டஸ்டரைத் தேடிப் போயிற்று. இப்போது துடைத்துவிடுவார், விதிப்படி வந்ததை எழுதிக்கோ, அடுத்த கணக்கு என்பார், யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, பின்பெஞ்சில் படிவத்தோடு ஒரு ஆள் வேறு. எழுந்துபோய்விடலாமா. எழுந்து, ஒரு நிமிஷம் சார் என்று சாக்பீஸை வாங்கி, என்ன சொல்வது, அதுவும் தெரியாது, ஆனாலும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், அதில் அவள் கெட்டிக்காரி. போன வருடம் வேறொரு பள்ளியில் அப்படித்தான் எழுந்து போனாள். ஒரு இளம் ஆசிரியை தசமத்தில் தடுமாறினாள், ஜெசிந்தா சாக்பீஸை வாங்கிப் பத்து நிமிஷத்தில் பிரமாதமாக நடத்திவிட்டாள், பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பயிற்சியிலும் வாய் திறக்கவில்லை. கேட்டால் நல்லாயிருக்கு மேடம் என்பாள். அந்த முந்தானை நுனி. ஜெசிந்தா பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்காதே. முழங்கால் இடித்தது, இடிக்கட்டும்.

சார் டஸ்டரை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை. திரும்பினார். "இந்தா பாருங்க, எனக்கு ஒண்ணு புரியல" என்றார், ரொம்பச் சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பது போல. "கயிறும் பொய் சொல்லாது. விதியும் இத்தனை நாளாப் பொய் சொல்லல. இசக்கிப்ரியா சொல்லுததும் நியாயமாத்தான் இருக்கு. எல்லாரும் யோசிங்க, நானும் யோசிக்கேன்." சொல்லிவிட்டு முதல் பெஞ்சின் நுனியில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துவிட்டார். அமைதி. எவ்வளவு நேரம், ஒரு நிமிஷமா, மூன்று நிமிஷமா. வகுப்பில் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு நீளம் என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்; ஜெசிந்தா தன் பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு நிமிஷத்தை விட்டுவைத்ததே இல்லை, பயந்து பயந்து பேச்சால் நிரப்பியிருக்கிறாள். சத்துணவுக் கூடத்தில் யாரோ கரண்டியால் அண்டாவைத் தட்டினார்கள். வெளியே ஒரு மைனா. அவளும் யோசித்தாள், மனதுக்குள் கயிற்றை வெட்டினாள், அரை முழம், அரை எதில் அரை, முழத்தில் அரை. அங்கே போனதும் நின்றது. நின்ற இடத்தில் ஏதோ மினுங்கியது, பிடிபடவில்லை. அதற்குள் ரிஸ்வானா எழுந்துபோய் மிச்சக் கயிற்றை வாங்கி, வெட்டின துண்டு ஒன்றின் பக்கத்தில் மேசைமேல் நீட்டி வைத்தாள். "இன்னும் ஒரு முடிச்சு இருந்தா மூணாவது துண்டு ஆயிருக்கும் சார்." இசக்கிப்ரியா குனிந்து பார்த்தாள். அவள் விரல் முடிச்சுமேல் நகர்ந்தது. ஒண்ணு, ரெண்டு, இல்லாத மூன்றாவது. "ஒரு துண்டுக்கு மூணு கால் வேணும்," மெதுவாகச் சொன்னாள், யாருக்கும் சொல்லாமல் கயிற்றுக்குச் சொல்வது போல, "எங்கிட்ட ரெண்டு இருக்கு. மூணுல ரெண்டு." நிமிர்ந்தாள். "சார், ரெண்டும் சரிதான் சார். எத்தன முழம் மிச்சம்னு கேட்டா அரை. எத்தன துண்டுன்னு கேட்டா மூணுல ரெண்டு. கேள்வி துண்டைத்தான கேட்டுச்சு." ஜெசிந்தாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகை இல்லை அது, தும்மல் வந்து அடங்கினால் வருமே அந்த மாதிரி. மினுங்கினது இதுதான். தனக்குப் பிடிபடுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பிடிபட்டது என்பதில் அவளுக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, தானே கண்டிருந்தால் இத்தனை சந்தோஷம் இருந்திருக்காது. சார் எழுந்துபோய்க் கயிற்றைப் பார்த்தார், குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நிறைய நேரம். பிறகு சாக்பீஸை எடுத்து இசக்கிப்ரியாவிடம் கொடுத்தார். "எழுது. நீ சொன்னத அப்படியே எழுது, நாங்க எழுதிக்கிடுதோம்."

மணி அடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு ஓடவேண்டிய பிள்ளைகள் பாதிப் பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். இரண்டு முழத்தை மூன்றில் ஒரு முழமாக வெட்டினால் மிச்சம் வராது, வரும் என்று தகராறு. கடைசியில் தலைமையாசிரியை வாசலுக்கு வந்து, சோறு ஆறுது என்று சத்தம் போட்ட பிறகுதான் போனார்கள். ஆவுடையப்பன் சார் பின்பெஞ்சுக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். வேர்த்திருந்தது. "டீச்சர், முப்பத்தோரு வருசமா நடத்துதேன். அந்த மிச்சத்த நான் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல. ரெண்டரைன்னு சொன்ன பிள்ளைக எல்லாத்துக்கும் செவப்புல சுழிச்சுவிட்டிருக்கேன்." சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டார். "அதுகளுக்கு இப்ப பிள்ளைக இருக்கும்." அவள், "நானும்தான் சார்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, இன்னிக்கு மாதிரி நான் சந்தோஷமா ஒரு கிளாஸ் எடுத்ததில்ல. அது என்னன்னு எனக்கே தெரியல." அவருக்கும் தனக்கும் நடுவில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு கட்டமும் வெள்ளையாக இருந்தன. நிரப்பாமல் விட்டோமே என்று மனம் பதறவில்லை, அதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம்," என்றார் அதிகாரி, பின்னால் ஜீப் சத்தம், "ஒரு வரி." ஜெசிந்தா எழுந்து வராண்டாவுக்கு வந்தாள், கால் மரத்துப்போயிருந்தது, தூணைப் பிடித்துக்கொண்டாள். பங்கேற்பு கூடியிருக்கிறது, தேர்ச்சி கூடும், இப்படி வரிகள் வாயில் தயாராக வந்து நின்றன, எப்போதும் வருகிறவை. "சார், இன்னிக்கு ஒரு வாத்தியார் பிள்ளைக முன்னால எனக்குப் புரியலன்னு சொன்னார்" என்றாள். அதிகாரி கேட்டார்: "இதத்தான் பலன்னு எழுதச் சொல்லுதியளா?" "ஆமா சார். பிறகு பிள்ளைக கண்டுபிடிச்சாங்க. அவரும் கூட இருந்து கண்டுபிடிச்சார். இத எப்படி ஒரு வரியில எழுதன்னு எனக்குத் தெரியல. ஆனா வீடியோ பாத்து இது வராது சார், நாற்பது பேர் ஒண்ணா உக்காந்து தெரியாது தெரியாதுன்னு சொல்லிப் பழகித்தான் வரும். நீங்க ஒருநாள் வந்து பின்பெஞ்சுல உக்காந்து பாருங்க. அதுக்கப்புறம் நிறுத்தணும்னா நிறுத்துங்க." இவ்வளவு நீளமாக ஒரு அதிகாரியிடம் அவள் பேசினதில்லை. நெஞ்சு லேசாக இருந்தது. ஜீப் நின்ற மாதிரி இருந்தது. "நான் அந்தக் காலத்துல கணக்கு வாத்தியார்தான் மேடம், தெரியுமா" என்றார். அவளுக்குத் தெரியாது. "ஜனவரிய அப்புறம் பாப்போம். அந்தக் கிளாஸ் எத்தன மணிக்கு?" "பதினொன்றரைக்கு சார், தினமும்." "வியாழக்கிழமை வாரேன். யார்ட்டயும் சொல்லாம இருங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆவுடையப்பன் சார் வாசற்படியில் நின்றிருந்தார், அவள் பேசினதை எல்லாம் கேட்டிருக்கிறார், மறைக்கவும் இல்லை. "வரட்டும்" என்றார். "ஆனா அன்னிக்கும் எனக்குத் தெரியாத எதையாவது அந்தப் பிள்ளை கேப்பா. அதுக்கு நான் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்." ஜெசிந்தா சத்தமாகவே சிரித்துவிட்டாள். குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "வாங்க டீச்சர், சாப்பிடலாம்" என்று அவர் முன்னால் நடந்தார், அவள் மரத்த காலை உதறி உதறிப் பின்னால் போனாள்.